பெயர் எழுதிய முட்டைகள்

"ஒரு ஆமை வேணும்" என்றார் அண்ணி.

பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரமாகியிருந்தது. ஓவிய அறையின் நீண்ட மேஜைகளில் பிள்ளைகள் சிந்திய நீலமும் மஞ்சளும் இன்னும் காயவில்லை. ஓவிய டீச்சர் குழாயடியில் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தாள். அண்ணி என்று அவள் கூப்பிடுவது கணவனின் அக்காவை. அதே பள்ளியில் அறிவியல் சொல்லித் தருபவர். மாடிப்படி ஏறி வந்ததில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள் ஓவிய டீச்சர்.

"கடைசி பெஞ்சுல தூங்கறவனுக்கும் தெரியற அளவு."

"வெறும் ஆமை போதுமா?"

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டாரென்றால் வேலை பெரிது என்று அர்த்தம். வெறும் ஆமை போதாதாம். மணலைப் பின்கால்களால் பறித்துக் குழிக்குள் முட்டையிடுகிற ஆமை வேண்டும். குழி பாதி வெட்டின மாதிரி திறந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக முட்டைகள் தெரிய வேண்டும். கொஞ்சம் தள்ளி, மோப்பம் பிடித்தபடி ஒரு நாய்.

"நாய் எதுக்கு அண்ணி, பாவம்?"

"வில்லன் இல்லாம எந்தக் கதை ஓடியிருக்கு?"

ஆற்றுக்கு நாலு நாணலும் ஒரு வளைவும் போதும் என்று ஓவிய டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "ஏதோ ஒரு ஆத்தை வரையாதே. நம்ம ஆத்தையே வரை. பழைய பம்ப் ஹவுஸ், அதுக்குக் கீழே அந்த மணல் திட்டு. போன வாரம் அங்கதான் தடம் பார்த்தேன். தெரிஞ்ச இடமா இருந்தாதான் பசங்க மனசுல ஒட்டும்."

எல்லாம் பேசி முடித்து அண்ணி எழுந்தபோது, ஓவிய டீச்சர் ஒன்று கேட்டாள். படத்துக்குக் கீழே 'முட்டைகளைத் தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடட்டுமா?

அண்ணி சிரித்தார். "தொடாதேன்னு சொல்லிப் பாரு. அதுவரைக்கும் சும்மா இருந்த கையும் அரிக்க ஆரம்பிச்சுடும். என் வகுப்புல 'கூடாது'ங்கற வார்த்தையே கிடையாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். எழுத்து வந்தால் படத்தின் அழகு கெடும் என்று அவளுக்கும் உள்ளூர ஒரு எண்ணம் இருந்ததால், மறுபேச்சு பேசாமல் தலையை ஆட்டினாள்.

அண்ணிக்குப் பள்ளியில் ஆமை டீச்சர் என்று பெயர். பாடத்தினால் வந்த பெயரல்ல, நடையினால் வந்தது. காலை மணி அடித்து, வரிசை நின்று, தலைமை ஆசிரியர் இருமி முடித்த பிறகுதான் அவர் வாயிற்கதவைத் தாண்டுவார். கல்யாண வீடுகளுக்கு அவர் போய்ச் சேரும்போது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். பட்டப்பெயர் காதில் விழுந்ததும் மற்ற ஆசிரியர்கள் போலப் பிரம்பைத் தேடாமல், அடுத்த நாள் ஆமை எப்படி நடக்கிறது என்று வகுப்பில் நடந்தே காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொன்னார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களெல்லாம் அவர் கிளம்பி வருவதற்குள் திரும்பிப் போய்விட்டன என்று தம்பி சொல்வான். தம்பி வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். ஜன்னலோரம் கண்ணாடிப் புட்டிகளில் இறகுகள், பாம்புச் சட்டை, உடைந்த ஓடுகள். சுவரில் வேறெந்தப் படமும் கிடையாது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. நம்ம வீட்டு மாடியில ஆமை நிரந்தரமா குடியிருக்கு" என்று தம்பி வம்புக்கு இழுப்பான். "அமீனா வரட்டுமே. நான் மாடியிலேர்ந்து இறங்கி வந்து கதவைத் திறக்கறதுக்குள்ள அவன் ரிடையர் ஆயிடுவான்" என்பார் அக்கா.

நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே வீடு, ஒரே பள்ளி என்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கத்தானே செய்யும். ஆசிரியர் அறையில் சிலர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து ஏமாந்தார்கள். சண்டைக்கான நேரத்திலும் அண்ணி தாமதமாகத்தான் வருவார். அதற்குள் எதிராளிக்குக் கோபம் ஆறியிருக்கும்.

வகுப்பில் மட்டும் அவர் வேறு ஆள். அழிந்துபோகிற உயிரினங்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் உண்டு. பத்துப் பெயர்கள், பத்துக் காரணங்கள், கோடிட்ட இடத்தை நிரப்புக. அண்ணி புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். வல்லூறு பற்றிச் சொன்னால் வகுப்பின் கண்களெல்லாம் கூரைக்குப் போகும். நீர்நாய் பற்றிச் சொன்ன அன்று, ஒரு பெண் வீட்டுக்குப் போய்க் குளியல் தொட்டியைவிட்டு வெளியே வர மறுத்தாள் என்று அவளுடைய அம்மா வந்து முறையிட்டார். பிள்ளைகள் ஒன்றை நேசித்துவிட்டால் போதும், மிச்சத்தை அந்த நேசம் பார்த்துக்கொள்ளும் என்பது அண்ணியின் நம்பிக்கை. அதட்டலும் மிரட்டலும் காட்டுக்குக் காவல் இல்லை என்பார்.

ஆமைப் பாடம் நடந்த வெள்ளிக்கிழமை ஓவிய டீச்சரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தன் படம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் ஆசை. சுவரில் மாட்டியதுமே பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சர், அது நம்ம பம்ப் ஹவுஸ்" என்றது. வகுப்பு முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. அண்ணி திரும்பி ஓவிய டீச்சரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு கதை. முன்பெல்லாம் அந்தத் திட்டில் ஆமைகள் இடம் போதாமல் முட்டி மோதிக்கொண்டு ஏறியதையும், இப்போது ஒன்றோ இரண்டோ வருவதையும் சொன்னார். தாய் ஆமை முட்டையிட்டு, மணலை மூடி, வயிற்றால் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுக்குள் போய்விடும் என்றபோது, முன் பெஞ்சில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பதால் கேள்விக்குறி என்று அவளுக்குப் பெயர்.

"டீச்சர், அம்மா போயிட்டா அப்புறம் முட்டைகளை யாரு பார்த்துப்பாங்க?"

"யாரும் இல்லை" என்றார் அண்ணி. "மணல்தான். அப்புறம் நாய் வரும்."

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியை அண்ணி ரசித்தார். நல்ல பாடம் என்றால் கடைசியில் பிள்ளைகளுக்கு நெஞ்சு கனக்க வேண்டும். மணி அடித்தது. அதோடு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை வரிசையில் கூச்சல். ஓவிய டீச்சர் எட்டிப் பார்த்தாள். அண்ணியின் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்கள். டப்பாக்களில் பஞ்சு. பஞ்சின் மேல் முட்டைகள். சனிக்கிழமையே கும்பலாகப் போய்ப் படத்தில் பார்த்த இடத்தில் தோண்டியிருக்கிறார்கள். நாய்க்கு முன்னால் தாங்கள் போய்விட வேண்டும் என்று ஓடினார்களாம். எடுத்து வந்து, மண் போகக் குழாயில் கழுவி, துடைத்து, எந்த முட்டை யாருடைய பொறுப்பு என்று குழப்பம் வராமலிருக்க ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். கேள்விக்குறி மட்டும் தன் முட்டையில் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

தலைமை ஆசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. மேடைக்குக் கூப்பிட்டார், கைதட்டச் சொன்னார். எல்லா வகுப்பும் பார்க்கட்டும் என்று டப்பாக்களை வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்பினார். பார்த்தவர்களெல்லாம் ஒரு தரம் எடுத்து, பெயர் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் படித்துவிட்டு வைத்தார்கள்.

அண்ணி வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகு வந்தார்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தவள் ஓவிய டீச்சர் ஒருத்திதான். வேறு யாருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணி ஒரு முட்டையை, எடுக்காமல், விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றார். குரல் உடையாமல் சொன்னார்.

மதியம் இருவரும் ஒரு வாளியில் மணல் நிரப்பி, முட்டைகளை அடுக்கி, ஆற்றுக்கு எடுத்துப் போனார்கள். வழியில்தான் அண்ணி சொன்னார். ஆமை முட்டை கோழி முட்டை மாதிரி இல்லை. இட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற உயிர் மேற்பக்கத்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு புரட்டினால் போச்சு. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று இனி அந்த ஆமைக்கே தெரியாது.

"அப்ப ஒண்ணு கூடவா...?"

"இருக்கலாம். ஏதாவது ஒண்ணு தப்பிச்சிருக்கலாம்." சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது அவர் வேகமாக நடந்ததிலிருந்து தெரிந்தது. அண்ணி வேகமாக நடந்து அவள் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

குழியை மூடினார்கள். சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். நாய் வரவில்லை. நாய்க்கு இனி அங்கே என்ன வேலை?

பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது. அண்ணி தினமும் காலையில் திட்டுக்குப் போய்வந்தார். பொரிய வேண்டிய நாட்கள் எல்லாம் கடந்து, மழைக்கு முன்னால் ஒரு நாள், ஓவிய டீச்சரையும் கூட்டிக்கொண்டு போய்க் குழியைத் திறந்தார். முட்டைகள் மஞ்சள் பாய்ந்து உள்வாங்கியிருந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை. மேலாக இருந்ததில் கேள்விக்குறி அழியாமல் இருந்தது. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தார், வருகைப் பதிவு எடுப்பது போல. பிறகு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், "கூடாதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன கேடு?" என்றார். படத்துக்குக் கீழே எழுதாமல் விட்டதில் ஓவிய டீச்சருக்கும் பங்கு இருந்தது. கூடவே நடந்தாள்.

பள்ளி திறந்த முதல் நாள், முதல் கேள்வியே அதுதான்.

"டீச்சர், பொரிஞ்சுதா?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அண்ணி கிளம்பியிருந்தார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததை ஓவிய டீச்சர் மாடிப்படியிலிருந்து கேட்டிருந்தாள். ஆனால் அத்தனை முகங்களும் தன்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தபோது, வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"பொரிஞ்சுது. எல்லாம் ஆத்துக்குப் போயிடுச்சு."

பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். தலைமை ஆசிரியர் அதை ஆண்டுவிழா அறிக்கையில் சேர்த்தார். அது பிறகு பள்ளியின் கதையாகவே ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழையவர்கள் சொன்னார்கள்.

கதை வளர வளர, அண்ணிக்குள் இருந்த கதைசொல்லி சுருங்கிப் போனார். அடுத்த ஆண்டு ஆமைப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். படம் சுருட்டப்பட்டு அலமாரியின் தலைக்குப் போனது. தொடக் கூடாது, கிட்டே போகக் கூடாது, எடுக்கக் கூடாது என்று வகுப்பு முழுக்கக் கூடாதுகள். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டு ஒழுங்காக மறந்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பு அமைதியாக இருப்பதாகப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டில் சொன்னபோது தம்பி கேலி செய்ய வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு பம்ப் ஹவுஸ் திட்டுக்கு ஆமை வரவில்லை. மணல் அள்ளினார்கள், கரையில் விளக்குப் போட்டார்கள், சாயத் தண்ணீர் விட்டார்கள். ஆயிரம் காரணம் இருந்தது. அண்ணி கணக்கில் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான். ஓய்வு பெற்ற பிறகும் முட்டையிடும் காலத்தில் தினமும் திட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். கேட்டால், காற்று வாங்கப் போனேன் என்பார். போன மழைக்காலத்தில், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் தாமதமில்லாமல் செய்தது அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுத் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

துக்கம் கேட்க வந்த பழைய மாணவர்கள் எல்லோரும் முட்டைக் கதையைச் சொன்னார்கள். ஓவிய டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு கேட்டாள். சொல்ல வேண்டிய ஒன்று அவளிடம் இருந்தது. போனவரின் பெயரைக் கெடுப்பானேன், பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பறிப்பானேன் என்று ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கினாள். விழுங்க விழுங்க அது பழகியும் போயிற்று.

கேள்விக்குறி இப்போது அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஆமை டீச்சர் நினைவாக விளையாட்டு மைதானத்துச் சுவரில் ஒரு படம் வேண்டும் என்று பழைய மாணவர்கள் சேர்ந்து முடிவு செய்து, அவளைத்தான் ஓவிய டீச்சரிடம் தூது அனுப்பினார்கள். என்ன வர வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நடுவில் டீச்சர். சுற்றிலும் சாப்பாட்டு டப்பா ஏந்திய பிள்ளைகள். கீழே ஆற்றை நோக்கி ஊர்ந்து போகும் குட்டி ஆமைகள். ஓவிய டீச்சர் மறுக்கத் தெரியாமல் ஏணியில் ஏறினாள். ஆற்றையும் பம்ப் ஹவுஸையும் ஒரு வாரம் இழுத்து இழுத்து வரைந்தாள். பிறகு டீச்சரின் முகம். பிறகு, வேறு வழியில்லாமல், முதல் டப்பா.

வியாழக்கிழமை மாலை கேள்விக்குறி ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சர், ஒரு விஷயம் தெரியுமா? திட்டுல மறுபடியும் ஆமைத் தடம். வலை போடறவர் பார்த்திருக்கார். இத்தனை வருஷம் கழிச்சு."

ஓவிய டீச்சரின் கை சுவரிலேயே நின்றது.

"எங்க முட்டைலேர்ந்து போனதுங்கதான் வளர்ந்து திரும்பி வந்திருக்குன்னு எனக்குத் தோணுது. சனிக்கிழமை என் வகுப்பைக் கூட்டிக்கிட்டுப் போறேன். டப்பா, பஞ்சு எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். நாங்க பண்ணின மாதிரியே. நாய்ங்க தொல்லை இப்ப முன்னைவிட ஜாஸ்தி."

ஓவிய டீச்சர் தூரிகையைச் சாய டப்பாவுக்குள் போட்டுவிட்டு மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி, அண்ணி இறங்குவது போல. தரைக்கு வந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முட்டை எதுவும் பொரியலைம்மா" என்றாள்.

கேள்விக்குறி சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட. குழியைத் திறந்தப்ப நானும் இருந்தேன்." எடுத்ததும், கழுவியதும், திருப்பித் திருப்பிப் பெயர் படித்ததும் என்ன செய்தன என்பதை முழுதாகச் சொன்னாள். நாலு வரியில் முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டு சுமந்தது நாலு வரிதான்.

"என்னுதும்?"

"உன்னுதும்தான். மேல இருந்தது அதுதான். கேள்விக்குறி அப்படியே இருந்துச்சு."

"அப்ப டீச்சர் எங்ககிட்ட..."

"பொய்தான் சொன்னாங்க. உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு அவங்களால முடியலை."

அவள் சுவரில் இருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று ஓவிய டீச்சர் எதிர்பார்த்தாள், அழுவாள் என்று பயந்தாள். இரண்டும் நடக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவள், கேட்க ஒன்றும் இல்லாமல் வெகுநேரம் நின்றாள். கடைசியில், "சனிக்கிழமை பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். "டப்பா வேண்டாம்னு சொல்லிடறேன். தூரத்துல நின்னு பார்க்கட்டும். ஏன்னும் சொல்லணும். எங்க கதையையே சொல்றேன்." போகும்போது தோள்கள் தொங்கியிருந்தன. ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய பால்யத்தின் நல்ல நாளை வாங்கிக்கொண்டதாக ஓவிய டீச்சருக்குத் தோன்றியது. துக்கம் கேட்க வந்த அன்றே சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அண்ணி இருக்கும்போதே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளைச் சாயத்தைக் குழைத்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். பிள்ளையின் கையிலிருந்த டப்பாவை அழித்தாள். வெறும் கைகளை எங்கே வைப்பது என்று யோசித்து, முதுகுக்குப் பின்னால் கட்டினாள். வில்லன் நாய்க்கு அந்தச் சுவரில் இடமில்லை.

இதற்கெல்லாம் முன்பு, அண்ணி ஓய்வு பெற்ற நாளில் இருவரும் பேருந்துக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பள்ளியில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை ஓவிய டீச்சர் தூக்கிக்கொண்டு வந்தாள். தாமதமாக வருபவருக்குக் கடிகாரம் கொடுத்ததைச் சொல்லி இருவரும் பாதி வழி சிரித்தார்கள். மேடையில் பேசியவர்கள் அத்தனை பேரும் முட்டைக் கதையைச் சொல்லியிருந்தார்கள், தலைமை ஆசிரியர் இரண்டு தடவை. ஆறு தெரிகிற முனை வந்ததும் அண்ணி நின்றார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு செய்யணும் நீ" என்றார். "நான் போனப்புறமும் இவங்க இப்படித்தான் பெருமையாப் பேசுவாங்க. பேசட்டும், வேண்டாங்கலை. ஆனா மொதல்ல அந்த முட்டைங்களைப் பத்திச் சொல்லிடு. அதைக் கேட்டுட்டு, அப்புறம் பேசறவங்க பேசட்டும்."